எனக்கு மட்டும் சொன்ன உண்மை

சிகிச்சை அறையில் புதிதாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இளம் உளவியலாளர்களுக்கு,

போன மாதப் பயிற்சி வகுப்பு முடிந்து டீ குடிக்க நின்றபோது உங்களில் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு சமூக விரோத ஆளுமைக் கோளாறு (ஏ.எஸ்.பி.டி.) பற்றி ஒரு கேள்வி கேட்டீர்கள். "ஏ.எஸ்.பி.டி. கேஸ் வந்தா என்ன மேடம் பண்றது? சீனியர்ஸைக் கேட்டா, அதுல ஒண்ணும் ஆகாது, மாத்திரை எழுத வெச்சு அனுப்பிடுன்றாங்க." நான் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டேன். நேரமெல்லாம் ஆகவில்லை. அதற்குப் பதில் சொல்வதென்றால் என் அப்பாவின் வாட்ச் கதையிலிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

நடந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. குடிநோய் சிகிச்சைப் பிரிவு ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வயதுக்காரர் ஒருவரை அவருடைய அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். (அடையாளம் தெரியக்கூடாதென்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு முறை டி.சி. கொடுத்து அனுப்பப்பட்டவர். பதின்மூன்று வயதில் பக்கத்து வீட்டு சைக்கிளை விற்றவர். சீட்டுப் பணம் ஏமாற்றியதாக ஒரு வழக்கு, அடிதடியில் ஒரு வழக்கு. அப்பாவின் முன்பல் இரண்டு போனதற்கும் அவர்தான் காரணம். குடி, இதெல்லாவற்றுக்கும் பிறகு வந்த விருந்தாளி. நான்தான் ஃபைலில் என் கையெழுத்தில் நோயின் பெயரை எழுதினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: தெரியாமல் ஏமாந்தவள் இல்லை நான்.

மூன்றாவது வாரம், பேச்சுக்கு நடுவில், "மேடம், உங்க வாட்ச் போன வாரமும் பத்தே காலு, இந்த வாரமும் பத்தே காலு" என்றார். சிரித்துவிட்டேன். அப்பாவுடையது, ஹெச்.எம்.டி., அவர் போன பிறகு ஓடாவிட்டாலும் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. "குடுங்க மேடம், தெரிஞ்ச கடை இருக்கு." கழற்றிக் கொடுத்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. திருப்பித் தராவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? நோயாளியிடம் வாட்ச் கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்த செவ்வாய்க்கிழமை வாட்ச் வந்துவிட்டது. ஸ்பிரிங் மாற்றி, கண்ணாடிக்குப் பாலிஷ் போட்டு, ஒரு பழைய மோதிரப் பெட்டியில் பஞ்சு வைத்து. காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, "அப்பா வாட்ச்னு சொன்னீங்களே மேடம்" என்று மறுத்துக் கையை ஆட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வார்டில் நர்ஸிலிருந்து ஆயா வரை எல்லோரும் அவரைப் புளுகன் என்றார்கள். என்னிடம் அப்படி இல்லை, என்னிடம் மட்டும் உண்மையாக இருக்கிறார் என்று தோன்றிற்று. அன்று மாலை நடந்த கேஸ் கலந்தாய்வில் வேறு இரண்டு நோயாளிகளைப் பற்றிப் பேசினேன். இவரைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. மறுவாரம் வந்து, வராந்தாவில் நின்றிருந்ததாகவும், கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியதாகவும் சொன்னார். "வேலை செய்ற இடத்துல நம்பமாட்டேன்றான் மேடம். அன்னைக்கு இங்க இருந்தேன்னு ஒரு லெட்டர் மட்டும் குடுத்தீங்கன்னா…" வாட்ச் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. காலை 10 மணி முதல் 12.30 வரை சிகிச்சையில் இருந்தார் என்று எழுதி, முத்திரை குத்தி, கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, முன்பின் தெரியாத பெண் ஒருத்தி என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். இடது முழங்கையை முழுதாக நீட்ட முடியவில்லை. பையிலிருந்து ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்து வைத்தாள். என் கையெழுத்து, என் முத்திரை.

"இது நீங்க எழுதினதுதானே மேடம்?"

ஆமாம் என்றேன்.

"அன்னைக்குக் காலைல பதினோரு மணிக்குத்தான் எனக்குக் கை உடைஞ்சுது. கேஸுல இதைக் காட்டி, நான் வீட்டுலயே இல்ல, டாக்டரம்மாகூட இருந்தேன்றார்."

அவள் அழவில்லை, சத்தமும் போடவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஒரு வேலை இருந்திருக்கும், டம்ளரில் தண்ணீராவது எடுத்துக் கொடுத்திருப்பேன்.

அவருக்கு மனைவி இருப்பது ஃபைலில் ஒரு வரியாக இருந்தது. ஆறு வாரத்தில் ஒரு தடவைகூட அவளைக் கூப்பிட்டு நான் பேசவில்லை. வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் நீங்கள் பார்க்காத, ஆனால் நம் ஊரில் தினம் பார்க்கப்போகிற விஷயம் இது. 'ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்' என்கிற வைத்தியம். அவளுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன், முதல் தடவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனபோது, "பொறுப்பு வந்தா மாறிடுவான்" என்று நம் தொழில்காரர் ஒருவரே அந்த அம்மாவிடம் சொன்னாராம். சொந்தத்தில் பெண் எடுத்தார்கள். உங்களிடமும் பெற்றோர் வந்து, "கல்யாணம் பண்ணலாமா மேடம்?" என்று கேட்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் ஆம் என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். சொன்னால், எங்கேயோ ஒரு வீட்டில் இருக்கிற பெண்ணை நீங்கள் மாத்திரைச் சீட்டில் மருந்தாக எழுதுகிறீர்கள்.

வாட்ச் திரும்பி வராமல் போயிருந்தால் நான் தப்பித்திருப்பேன் என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன்.

இதெல்லாம் எனக்கு மட்டும் நடந்த கூத்து என்று கொஞ்ச காலம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு டாம் மெய்ன் எழுதிய கட்டுரை கையில் கிடைத்தது. லண்டனில் கேசல் மருத்துவமனையை நடத்திய மனநல மருத்துவர். 1957-இல் வந்த அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்டது, மருத்துவமனையையே ஆட்டிவைத்த சில 'விசேஷ' நோயாளிகளை. அவர்கள் எல்லோரும் இந்த நோய்க்காரர்கள் அல்ல. ஆனால் அவர் பார்த்தது நோயாளிகளைவிட நர்ஸுகளை. உட்காரவைத்து மாதக்கணக்கில் பேசவைத்தார். ஒவ்வொரு நர்ஸும், மற்றவர்களுக்குப் புரியாத இந்த நோயாளியை நான் மட்டும் புரிந்துகொண்டேன் என்று நினைத்திருக்கிறாள். அப்படி நினைத்ததைப் பக்கத்துப் படுக்கையைப் பார்க்கிற நர்ஸிடம்கூடச் சொன்னதில்லை. தூக்க மருந்து பற்றி அவர் சொன்னது இன்னும் கூர்மையானது. நர்ஸின் பொறுமை தீர்ந்துபோகிற நேரத்தில்தான் அது கொடுக்கப்பட்டிருக்கிறது. தாங்க முடியாமல் போனது நர்ஸுக்கு, மருந்து நோயாளிக்கு. கேசல் எங்கே, நம் வார்டு எங்கே, ஆனால் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு என் மோதிரப்பெட்டி ஞாபகம் வந்தது.

மெய்னுக்கு முன்பே, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா என்ற ஊரில் ஹெர்வி கிளெக்லி என்கிற மருத்துவர் 1941-இல் 'தி மாஸ்க் ஆஃப் சானிட்டி' என்ற புத்தகத்தை வெளியிட்டார். இந்தத் துறையில் பிறகு வந்த பல பட்டியல்களுக்கு அதுதான் தாய்வீடு. தேடிப் படியுங்கள், ஆனால் நோயாளிகளை மட்டும் பார்க்காமல் அவர்களைச் சுற்றி நிற்கிற ஆட்களைப் பாருங்கள். மன்னித்துக்கொண்டே இருக்கிற அப்பாக்கள், இந்தத் தடவை நிச்சயம் என்று வெளியே அனுப்புகிற டாக்டர்கள், மறுபடி மறுபடி கடன் கொடுக்கிற நண்பர்கள்.

உடம்பு நமக்கு முன்னால் சொல்லிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. ரீட் மெலாய் என்ற தடயவியல் உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்டவர்களைப் பேட்டி காணும் மனநல, நீதித் துறை ஆட்களைக் கேட்டிருக்கிறார். நான்கில் மூன்று பேருக்கு மேல் உடம்பில் ஏதோ ஒன்றை உணர்ந்ததாகச் சொன்னார்கள். தோல் சிலிர்த்தது, பிடரி முடி நின்றது என்று. எனக்கு அப்படி ஒருமுறை ஆகியிருக்கிறது, வேறொருவரிடம். ஆனால் நம்மைச் சிக்கவைக்கிறவரிடம் பிடரி முடி நிற்காது. நல்ல கச்சேரியில் புல்லரிக்கிறதே, அந்த மாதிரிதான் இருக்கும். என் வாட்சைக் கையில் வாங்கியபோது எனக்கு இருந்தது அந்தப் புல்லரிப்பு.

சினிமாவைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்களிடம் வருகிற குடும்பங்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகின்றன. 'சிகப்பு ரோஜாக்கள்' 1978-இல் வந்தது. 'ராட்சசன்', 'சைக்கோ' என்று அந்த வரிசை நீண்டுகொண்டே வந்திருக்கிறது. நம் தமிழில் 'சைக்கோ' என்ற ஒரே சொல், குரல் கேட்டுப் பயந்து மூலையில் ஒடுங்குகிற மனச்சிதைவு நோயாளிக்கும் ஆகிறது, கொலைகாரனுக்கும் ஆகிறது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் நிஜத்தில் பார்க்கப்போகிறவர் ஸ்குரூ டிரைவரோடு இருட்டில் நிற்கமாட்டார். சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, "சாப்டீங்களா மேடம்" என்று கேட்டுக்கொண்டு வருவார். இல்லாவிட்டால் சலிப்போடு, எதிலும் நிலைக்காமல், கையில் காசில்லாமல், தன்னையே ஒவ்வொரு தடவையும் பள்ளத்தில் தள்ளிக்கொண்டு வருவார். பெரும்பாலும் இரண்டாமவர்தான்.

இந்த நோயைக் கண்டறியும் அளவுகோலும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. வயது 18 முடிந்திருக்கவேண்டும், 15-க்கு முன்பே நடத்தைக் கோளாறின் அடையாளம் இருந்திருக்கவேண்டும், 7 அம்சங்களில் 3 பொருந்தினால் போதும். சட்டத்தை மீறுவதே அதில் ஓர் அம்சமாக இருப்பதால், சிறைக்குள் போய் எண்ணினால் எண்ணிக்கை எகிறும். 12 நாடுகளின் சிறைகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் ஃபசேலும் டானேஷும் வெளியிட்ட கட்டுரையில் ஆண் கைதிகளில் 47 விழுக்காடு என்று வந்தது. சைக்கோபதியை அளக்கும் ராபர்ட் ஹேரின் 20 அம்சப் பட்டியலில் 40-க்கு 30 வாங்குகிறவர்கள் இதில் சிறு பகுதிதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு, சைக்கிள் திருடியவரைப் பார்த்து நடுங்காதீர்கள்.

சரி, உங்கள் சீனியர்கள் சொல்கிற "ஒண்ணும் ஆகாது" என்பதற்கு வருகிறேன். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள்.

கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தில் பெனட்டாங்குயிஷீன் என்ற ஊரில், ஓக் ரிட்ஜ் என்று உச்சப் பாதுகாப்பு மனநலப் பிரிவு ஒன்று இருந்தது. 1960-களில் எலியட் பார்க்கர் என்ற இளம் மருத்துவர் அங்கே வந்தார். நோயாளிகளே ஒருவருக்கொருவர் சிகிச்சையாளர்கள் என்பது அவருடைய கொள்கை. ஜன்னல் இல்லாத சின்ன அறை ஒன்று, அதற்குள் ஆட்கள் உடுப்பில்லாமல், நாள்கணக்காக, சுவரிலிருந்து நீட்டிய குழாய் வழியாக உணவை உறிஞ்சிக்கொண்டு, முகமூடி கழன்று விழும்வரை பேசவேண்டும். எல்.எஸ்.டி.யும் கொடுத்தார்கள். பார்வையாளர்கள் வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள். பிறகு ரைஸ், ஹாரிஸ், கார்மியர் மூவரும் வெளியே போனவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். ஹேர் பட்டியலில் அதிக மதிப்பெண் பெற்றவர்கள், இந்தச் சிகிச்சைக்குப் பிறகு, வெறுமனே சிறையில் கிடந்தவர்களைவிட அதிகமாக வன்முறையில் இறங்கியிருந்தார்கள். மற்றவர்களுக்கோ அதே சிகிச்சை பலன் கொடுத்திருந்தது. அடுத்தவர் மனதைப் படிக்கவும் உணர்ச்சி வார்த்தைகளைப் பேசவும் அந்த அறை சிலருக்கு நல்ல பயிற்சியாகிவிட்டது என்பது ஆய்வாளர்களின் ஊகம். 2017-இல் ஒன்டாரியோ நீதிமன்றம் ஒன்று அங்கே நடந்ததைச் சித்திரவதை என்றே சொன்னது.

இதிலிருந்து, 'பேச்சுச் சிகிச்சை கொடுத்தால் இன்னும் மோசமாவார்கள்' என்ற வாசகம் மட்டும் உலகமெங்கும் பரவிவிட்டது. நிர்வாணமாக அடைத்துவைத்து எல்.எஸ்.டி. கொடுத்தால் மோசமாவார்கள் என்பதுதான் அந்த ஆய்வு சொன்னது. என்னைக் கேட்டால், பார்க்கரின் அறையும் சீனியர்களின் கைகழுவலும் ஒரே மரத்தில் காய்த்தவை. நான் முகமூடியைக் கழற்றிக் காட்டுகிறேன் என்பதும், எனக்கு எல்லாம் தெரியும் இது தேறாது என்பதும், இரண்டிலும் 'நான்' கொஞ்சம் பெரிதாக உட்கார்ந்திருக்கிறது. வாட்சைக் கொடுத்தவளும் அந்தக் கூட்டம்தான்.

இதற்கு எதிர்ச்சாட்சி அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருக்கிறது. மெண்டோட்டா சிறார் சிகிச்சை மையம், 1995-இல் தொடங்கியது. மற்றச் சீர்திருத்தப் பள்ளிகள் எல்லாம் முடியாது என்று தள்ளிய பையன்கள் அங்கே போகிறார்கள். தண்டனை, அதற்குப் பதிலாக முரட்டுத்தனம், அதற்கு இன்னும் பெரிய தண்டனை என்று ஏறிக்கொண்டே போகிற ஏணியை முதலில் உடைப்பதுதான் அவர்கள் முறை. அன்றன்றைக்கு நடந்துகொண்டதற்கு அன்றன்றைக்கே மதிப்பெண், நாளைக்குக் காலை புதுக்கணக்கு. முன்கோபத்தில் ஊழியர் மீது எதையாவது எறிந்தவனிடமும் அடுத்த வேளைக்கு அதே ஊழியர் போய்ப் பேசுவார். அங்கே இருந்த பையன்கள் பிறகு வன்முறையில் இறங்கியது, ஒப்பிட்ட மற்றப் பையன்களைவிடக் கணிசமாகக் குறைவு. மாயம் ஒன்றும் இல்லை, அலுப்பூட்டும் வேலை. ஆனால் பார்த்தீர்களா, சிறுவயது. செயின்ட் லூயிஸ் நகரத்தில் குழந்தைகள் மனநல ஆலோசனை மையத்துக்கு வந்த 500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை முப்பது வருடம் கழித்துத் தேடிப்பிடித்து லீ ராபின்ஸ் 1966-இல் எழுதிய புத்தகமும் இதைத்தான் சொல்கிறது. வளர்ந்தபின் இந்த நோயோடு நிற்கிறவர்கள் அநேகமாக எல்லோருமே சின்ன வயதில் தொல்லை கொடுத்தவர்கள். ஆனால் சின்ன வயதில் தொல்லை கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்த நோய்க்காரர்களாக வளர்வதில்லை. பதின்மூன்று வயதில் சைக்கிள் விற்கிற பையனைப் பள்ளிக்கூடம் உங்களிடம் அனுப்பினால், டி.சி.க்குச் சிபாரிசுக் கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

பெரியவர்களுக்கு என்ன செய்வது? பிரிட்டனில் நைஸ் அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த நோய்க்கென்று மருந்து வழக்கமாகத் தரவேண்டாம் என்கிறது. கூடவே வருகிற குடி, மனச்சோர்வு, பதற்றம் இவற்றுக்கு மற்ற நோயாளிக்குக் கொடுப்பது போலவே கொடுக்கவேண்டும் என்றும், குழுவாக உட்காரவைத்துச் செய்யும் அறிவாற்றல்-நடத்தை முறையை முயலலாம் என்றும் சொல்கிறது. சிகிச்சை தருகிறவர்களுக்கு மேற்பார்வையும் ஆதரவும் வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நம் ஊரில் வழிகாட்டுதலைப் படிக்கிறவர்கள் அந்த வரியை மட்டும் தாண்டிவிடுகிறார்கள்.

குழு என்பதன் அருமை எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. தனியறையில் என்னைக் கலங்கவைத்த பேச்சை, குடிநோயர் வட்டத்தில் பத்துப் பேர் நடுவே ஒருவர் எடுத்துவிட்டபோது, எதிரிலிருந்த பழைய லாரி டிரைவர் கொட்டாவி விட்டார். "தம்பி, இதே டயலாக்கை எங்க மாமியார்கிட்ட நானும் விட்டிருக்கேன். அடுத்தது என்ன, அம்மா மேல சத்தியமா?" வட்டமே சிரித்தது. பேசியவரும் சிரித்துவிட்டார். நான் ஆறு வாரம் எடுத்துக்கொண்டும் போய்ச் சேராத இடம் அது.

மனசாட்சியை நட்டு வளர்க்கும் வேலையை நான் விட்டுவிட்டேன். "அவங்க மனசு எவ்வளவு கஷ்டப்படும் யோசிங்க" என்று ஆரம்பித்தால், எவ்வளவு கஷ்டப்படும் என்று நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். லாபநஷ்டம் பேசினால் கேட்கிறார்கள். போன மூன்று வருடத்தில் எத்தனை மாதம் உள்ளே, வக்கீலுக்கு எவ்வளவு, அந்தக் காசில் ஆட்டோவுக்கு எத்தனை தவணை கட்டியிருக்கலாம் என்று தாளில் எழுதச் சொல்கிறேன். இப்போது மாதம் ஒருமுறை வருகிற நாற்பத்தொரு வயதுக்காரர் ஒருவர் அந்தத் தாளை மடித்து லைசென்ஸ் கவருக்குள் வைத்திருக்கிறார். நல்லவராகிவிட்டாரா என்று கேட்காதீர்கள். இரண்டு வருடமாக யாரையும் அடிக்கவில்லை. இதை அவர் மனைவியிடம் தனியாகக் கேட்டுத்தான் சொல்கிறேன். வயது கூடக்கூட இந்த வேகம் பலருக்குத் தானாகவே குறையும் என்பதால், அதில் என் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதில்லை.

மனைவியை, அம்மாவைத் தனியாகக் கேட்பதை ரகசிய மீறல் என்று தயங்காதீர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வது வேறு, இவர் சொன்னதைப் போய் அங்கே சொல்வது வேறு. இரண்டாவதற்கும் எல்லை உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. இன்னொருவரைத் தீங்கிலிருந்து காப்பாற்றவேண்டிய இடத்தில் விதிவிலக்கும் அதிலேயே தருகிறது. என் காலத்தில் இந்தச் சட்டம் இல்லை. இருந்திருந்தாலும் அன்று நான் படித்திருப்பேனா என்பது சந்தேகம்.

அந்த ஜெராக்ஸ் வந்த அன்று சாயங்காலம், துறைத் தலைவரின் அறைக்குப் போய் முதல் தடவையாக வாட்சிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் கொடுத்த கடிதம் தவறானது என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது, வரவேண்டியதுதான். வாட்ச் ரிப்பேருக்கான பணத்தை ரசீது போட்டு நோயாளியின் பெயரில் கட்டச் சொன்னார் தலைவர். இதெல்லாம் தெரிந்த பிறகும் அடுத்த செவ்வாய்க்கிழமை சரியாகப் பத்து மணிக்கு அந்த நோயாளி வந்து உட்கார்ந்தார். கோபம் கொஞ்சமும் இல்லை. "வாட்ச் நல்லா ஓடுதா மேடம்?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். வேலை நன்றாக நடந்திருக்கிறதா என்ற அக்கறையும், வேலை ஆகவேண்டும் என்ற கணக்கும் அவருக்குள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. சண்டையெல்லாம் எனக்குள்தான். அவரை வேறொருவரிடம் மாற்றினார்கள். நான்கு மாதம் வந்துவிட்டு நின்றுவிட்டார்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் வீட்டு மாடியில் ஆறேழு பேர் உட்காருகிறோம். அரசாங்க வேலையில் இருப்பவர்கள் இரண்டு பேர், சிறைக்குப் போய்வருகிறவர் ஒருவர், மற்றவர்கள் தனியாகப் பார்ப்பவர்கள். நோயாளியின் பெயர், ஊர் எதுவும் சொல்லக்கூடாது. அந்த மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் விதி. நோயாளிக்குக் கொடுத்த நூறு ரூபாய், எடுக்காமல் விட்ட போன், எழுதிக் கொடுத்த தேதி, ஒருவர் வராத நாளில் வந்த நிம்மதி. போன மாதம் ஒருவர், தன் நோயாளி செத்துப்போனால் தேவலை என்று நினைத்ததைச் சொன்னார். சிகிச்சையாளருக்குள் வருகிற வெறுப்பைப் பற்றி வின்னிகாட் 1949-இலேயே எழுதிவிட்டார் என்று நான் ஆரம்பித்தேன். "படிச்சிருக்கேன் மேடம், இப்ப கொஞ்சம் கேளுங்க" என்றார். கேட்டோம்.

நீங்களும் வரலாம். மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, பார்த்து ஏறுங்கள். ஐந்து மணிக்கு டீயும் சுண்டலும் உண்டு. வழக்கமாகப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் நான்தான் வாட்ச் கதையைச் சொல்வேன். இப்போது எழுதிவிட்டதால் வேறு சொல்லவேண்டும். என்னிடம் இன்னும் இரண்டு இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் மூத்த சகா ஒருத்தி